கூட்டு மருந்தை இரண்டு வாரம் தள்ளிப்போடச் சொல்கிறார்கள்: இது சரிதானா?

சேர்வராயன் | ஜூன் 11, இரவு 10.40

அனைவருக்கும் வணக்கம். என் தாயாரின் சர்க்கரை நோய்க்காக இரண்டு ஆண்டுகளாக இந்தப் பகுதியைப் படித்து வருகிறேன். எனக்காக எழுத வேண்டிவரும் என்று எண்ணியதில்லை.

வயது 38. விசைத்தறிக் கூடமொன்றில் கணக்கெழுதுகிறேன். ஆறு வாரமாக மாலைக் காய்ச்சலும் இருமலும் இருந்தன. 58 கிலோ எடை 51 ஆகக் குறைந்துவிட்டது. சென்ற வாரம் அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் இரத்தம் எடுத்து, மூன்று வகைக் கருவிகளிலும் பார்த்து, எச்.ஐ.வி. தொற்று இருப்பதாக உறுதி செய்தார்கள். எச்.ஐ.வி.க்கு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் எடுத்த சிடி4 எண்ணிக்கை, அதாவது இரத்தத்திலுள்ள எதிர்ப்பாற்றல் அணுக்களின் அளவு, 142. சளியைச் சிபிநாட் கருவியில் பார்த்ததில் காசநோய்க் கிருமியும் தெரிந்தது. நேற்றே காசநோய் மாத்திரையைத் தொடங்கிவிட்டார்கள், ஆனால் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தை ஜூன் 24 அன்று வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள்.

என் ஐயம் இதுதான். தொற்று உறுதியானவுடன், முடிந்தால் அதே நாளில், மருந்து தொடங்க வேண்டும் என்று பல இடங்களில் படித்தேன். அப்படியிருக்க எனக்கு மட்டும் ஏன் இரண்டு வாரம்? மருந்து இருப்பில் இல்லையா, அல்லது பிழைக்க மாட்டான் என்று முடிவு செய்துவிட்டார்களா? கேட்க நினைத்துப் போனேன். அந்த அறையில் உட்கார்ந்ததும் வாய் வரவில்லை. விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பனங்காடு | ஜூன் 11, இரவு 11.25

தம்பி, நாளைக் காலையே போய் ஏன் தாமதம் என்று நேராகக் கேளுங்கள். காத்திருக்கச் சொன்னால் தலையாட்டிவிட்டு வருகிற பழக்கம் என்னைப் பாதி ஆளாக்கியது.

எனக்கு 2005இல் தொற்று தெரிந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரலில்தான் அரசு இலவசமாக மருந்து கொடுக்கத் தொடங்கியிருந்தது. முதலில் தொடங்கிய மிகச் சில மருத்துவமனைகளில் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. அன்றைய அளவுகோல் சிடி4 200க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது. எனக்கு 214. பதினான்கு எண் கூடுதல் என்ற ஒரே காரணத்துக்காக ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்கள். ஆறாம் மாதம் போனபோது 88. இடுப்பைச் சுற்றி அக்கி. வாயெல்லாம் வெள்ளைப் படலம், எச்சில் விழுங்க முடியவில்லை. யார் மீதும் எனக்குக் கோபமில்லை, அன்றைக்கு நாடெங்கும் விதி அதுதான். ஆனால் அந்த ஆறு மாதத்தை எனக்குத் திருப்பித் தர எவராலும் முடியாது. காத்திரு என்ற சொல்லை யார் சொன்னாலும் எனக்கு அந்த 214தான் நினைவுக்கு வரும்.

வைகைக்கரை | ஜூன் 12, காலை 6.15

சேர்வராயன் அவர்களுக்கு. நான் ஒரு மாவட்ட மருத்துவமனையில் பொது மருத்துவப் பிரிவில் பணியாற்றுகிறேன். உங்களை நேரில் பார்க்காத நான் உங்கள் மருத்துவரின் இடத்தில் நின்று பேச முடியாது. ஆனால் நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், உங்களை எவரும் கைவிடவில்லை; மருந்து இருப்பும் காரணமாக இருக்காது. அவர்கள் செய்திருப்பது முறையான சிகிச்சை.

பனங்காடு ஐயா சொல்லும் காத்திருப்பும் உங்களுடைய காத்திருப்பும் ஒரே சொல்லால் சொல்லப்படுகின்றனவே தவிர ஒன்றல்ல. அவர் ஓர் எண்ணுக்காகக் காத்திருக்க வைக்கப்பட்டார். அந்த எண் 200இலிருந்து 350, பிறகு 500 என்று ஏறிக்கொண்டே போய், 2017இல் இந்தியாவில் அளவுகோலே எடுக்கப்பட்டது. அதற்கு முக்கிய ஆதாரமாக அமைந்தது 2015இல் முடிவு வெளியான ஸ்டார்ட் ஆய்வு. சிடி4 500க்கு மேல் உள்ள, அதாவது நன்றாக நடமாடிக்கொண்டிருந்த, 4,685 பேரை 35 நாடுகளில் சேர்த்தார்கள். ஒரு பாதியினருக்கு உடனே மருந்து. மறு பாதியினருக்கு எண்ணிக்கை 350க்கு இறங்கும்வரை காத்திருப்பு. உடனே தொடங்கியவர்களில் கடும் நோயோ மரணமோ நேர்ந்தவர் 42 பேர்; காத்திருந்தவர்களில் 96 பேர். எண்ணைப் பார்த்துக் காத்திருப்பது என்ற வழக்கம் அதோடு முடிந்தது.

நீங்கள் காத்திருப்பது வேறொரு நோய்க்கான சிகிச்சை தொடங்கி, உடல் அதை ஏற்றுக்கொள்கிறதா என்று பார்ப்பதற்காக. ஏழு நாளுக்குள், இயன்றால் அன்றே, கூட்டு மருந்து என்கிற விதி காசநோயோ மூளைக்காய்ச்சலோ இல்லாதவர்களுக்கானது. இருமலும் காய்ச்சலும் எடைக் குறைவும் உள்ள ஒருவருக்கு முதல் நாளிலேயே கூட்டு மருந்தைக் கொடுத்து அனுப்பியிருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

இரண்டு வாரம் என்பது தாமதமும் அன்று. ஒரு காலத்தில் காசநோய்க்கு ஆறு மாதச் சிகிச்சையை முடித்துவிட்டுத்தான் எச்.ஐ.வி. மருந்து என்று வைத்திருந்தார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் 642 நோயாளிகளைக் கொண்டு நடந்த சாபிட் ஆய்வில், அப்படி முடிவுவரை காத்திருந்தவர்களிடையே மரணம் மிகுதியாக இருந்ததால் அந்தப் பிரிவையே 2008இல் இடையில் நிறுத்தினார்கள். கம்போடியாவில் நடந்த கமேலியா ஆய்வு இன்னும் நெருக்கிப் பார்த்தது: காசநோய் மருந்து தொடங்கி இரண்டாம் வாரத்தில் கூட்டு மருந்து பெற்ற 332 பேரில் 59 பேரும், எட்டாம் வாரத்தில் பெற்ற 329 பேரில் 90 பேரும் இறந்தார்கள். அங்கே சேர்ந்தவர்களின் சிடி4 இடைநிலை அளவு வெறும் 25. இரண்டு வாரம் என்ற கணக்கு அப்படிப்பட்டவர்களின் உயிரிலிருந்து வந்தது. இப்போது உலக சுகாதார நிறுவனமும், மூளையுறைக் காசநோய் இல்லாத எவருக்கும், சிடி4 எவ்வளவு இருந்தாலும், இரண்டு வாரத்துக்குள் தொடங்கலாம் என்கிறது.

பனங்காடு | ஜூன் 12, காலை 9.05

மருத்துவர் சொல்வதை ஏற்கிறேன். தம்பியை நேற்று நான் பதற வைத்திருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஒன்று கேட்கிறேன். இரண்டாம் வாரமே நல்லது என்றால் முதல் நாள் இன்னும் நல்லதாக இருக்காதா? இன்னொன்று, இரண்டு வாரம் என்று சொல்லி அனுப்புகிறவர்களில் எத்தனை பேர் பதினைந்தாம் நாள் திரும்பி வருகிறார்கள்? தாளில் இரண்டு வாரம் என்று எழுதுவது எளிது.

வைகைக்கரை | ஜூன் 12, பிற்பகல் 2.30

முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். இரண்டாவதை ஆலோசகராக இருந்தவர் எவரேனும் சொன்னால் பொருத்தமாக இருக்கும்.

காசநோய்க்கு நான்கு மருந்துகள். கூட்டு மாத்திரையில் மூன்று. சிடி4 குறைவாக இருப்பதால் வேறு தொற்றுகள் வராமல் தடுக்கக் கோட்ரைமாக்சசோல் ஒன்று. எட்டையும் ஒரே நாளில் தொடங்கி, பத்தாம் நாள் உடலெங்கும் தடிப்போ கண்ணில் மஞ்சளோ வந்தால் எதை நிறுத்துவது? எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அதில் போவது இரண்டு வாரமல்ல, இரண்டு மாதம்.

அடுத்தது எதிர்ப்பாற்றல் மீளும்போது வரும் அழற்சி. ஐரிஸ் என்று சுருக்கமாகச் சொல்வோம். சிடி4 குறைந்த உடலில் காசநோய்க் கிருமி நிறைய இருந்தாலும் உடல் அதோடு சண்டையிடுவதில்லை; சண்டையிட ஆளில்லை. கூட்டு மருந்து வேலை செய்யத் தொடங்கியதும், செத்த கிருமியையும் சாகாத கிருமியையும் உடல் ஒரே நேரத்தில் எதிர்க்கிறது. விட்டுப்போன காய்ச்சல் திரும்புகிறது, கழுத்தில் நெறி கட்டுகிறது, இருமல் கூடுகிறது. நோயாளி மருந்து கெடுத்துவிட்டது என்று எண்ணுகிறார். உண்மையில் மருந்து வேலை செய்வதால்தான் இது. கமேலியாவில் முன்கூட்டித் தொடங்கியவர்களிடம் இது சுமார் இரண்டரை மடங்கு கூடுதலாக வந்தது. அப்படியும் பிழைத்தவர்கள் அவர்களில்தான் அதிகம். முதல் நாளிலேயே தொடங்கினால், காசநோய் மருந்து கிருமியின் சுமையைச் சற்றேனும் குறைப்பதற்கு முன்பே இந்தச் சண்டை மூண்டுவிடும்.

தாமிரபரணி | ஜூன் 12, இரவு 8.50

ஏ.ஆர்.டி. மையமொன்றில் பதினொரு ஆண்டுகள் ஆலோசகராக இருந்தவள் நான். பனங்காடு ஐயாவின் இரண்டாவது கேள்வி எங்களை இரவில் விழிக்க வைத்த கேள்வி.

காசநோய் மாத்திரை தொடங்கிய எட்டாம், பத்தாம் நாளில் காய்ச்சல் விட்டுவிடும். பசி எடுக்கும். இரண்டு தட்டு சோறு சாப்பிட்ட மனிதருக்கு, நோய் போய்விட்டது என்று தோன்றும்; மேஸ்திரி தொலைபேசியில் அழைப்பார்; திருப்பூருக்கோ கேரளத்துக்கோ வண்டியேறிவிடுவார். நாங்கள் பதினைந்தாம் நாள் பதிவேட்டைத் திறந்து பார்க்கும்போது அவர் பெயருக்கு எதிரே கட்டம் காலியாக இருக்கும். மருந்தின் மீது வெறுப்பினால் வராமல் போனவர்களைவிட, உடல் தேறியதால் வராமல் போனவர்களையே நான் அதிகம் பார்த்தேன். அவர்களில் சிலர் ஓராண்டு கழித்து மூச்சு வாங்கியபடி வந்தார்கள். சிலர் வரவில்லை.

அதனால் சேர்வராயன் அவர்களே, இந்தப் பதினான்கு நாளை வெறும் காத்திருப்பாக விடாதீர்கள். ஏழாம் நாளில் ஒருமுறை மையத்துக்குப் போங்கள், அழைக்காவிட்டாலும் போங்கள். சிறுநீரகம், கல்லீரல், மஞ்சள் காமாலை பி வகை, சர்க்கரை ஆகிய பரிசோதனை முடிவுகள் வந்துவிட்டனவா என்று கேளுங்கள். மருந்து வாங்கும் நாளில் அவை கைக்கு வராததால் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உண்டு.

இன்னொன்று. புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் மருந்தைப் பற்றிப் பேசுவதில்லை. காய்ச்சல் வந்தாலும் மழை பெய்தாலும் நீங்கள் ஒரு நாளும் தவறாமல் செய்வது எது என்று கேட்பேன். ஒரு பூக்காரம்மா, விடியற்காலை நான்கரைக்கு அடுப்பில் தண்ணீர் வைப்பதைத் தவிர வேறெதுவும் இல்லை என்றார். அப்படியானால் தண்ணீர் கொதிக்கிற நேரம் உங்கள் மாத்திரை நேரம் என்றேன். கடிகாரத்தைச் சொல்லிப் பயனில்லை; அவர் வீட்டில் கடிகாரம் ஓடவே இல்லை. நான் பணியை விட்ட ஆண்டிலும் அவருடைய இரத்தத்தில் வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலையில்தான் இருந்தது. நீங்கள் உங்களுக்கான நான்கரை மணியை இந்த இரண்டு வாரத்துக்குள் கண்டுபிடித்து வையுங்கள்.

ஆடிக்காற்று | ஜூன் 13, இரவு 12.10

இதை எழுதலாமா என்று நேற்றிலிருந்து யோசித்தேன். எங்கள் அண்ணனுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் தொற்று தெரிந்தபோது, வெளியே தெரிந்துவிடும் என்று அஞ்சி, வேறு ஊரில் ஒரு தனியார் மருத்துவரிடம் போனோம். அன்றே மருந்து எழுதிக்கொடுத்தார்கள். அவருக்கு மூன்று வாரமாகத் தலைவலி இருந்தது. வீட்டில் எல்லோரும் கவலையால் வந்தது என்று எண்ணினோம். அதைப் பற்றி அங்கே எவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. மருந்து தொடங்கிய ஒன்பதாம் நாள் வாந்தி, பார்வை இரண்டிரண்டாகத் தெரிந்தது. பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோய் முதுகுத்தண்டு நீர் எடுத்துப் பார்த்தபோது மூளையில் பூஞ்சைத் தொற்று என்றார்கள். பத்தொன்பது நாள் இருந்தார். உடனே தொடங்க வேண்டும் என்று எழுதுகிறவர்கள், தலைவலி இருக்கிறதா என்று முதலில் கேட்கச் சொல்லியும் எழுதினால் நன்றாக இருக்கும்.

வைகைக்கரை | ஜூன் 13, காலை 7.00

ஆடிக்காற்று அவர்களே, உங்கள் அண்ணனுக்காக வருந்துகிறேன். தலைவலியைச் சொல்லாமல் விட்டது உங்கள் குற்றமல்ல. கேட்க வேண்டிய கடமை வெள்ளை அங்கி போட்டவர்களுடையது.

அது கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையால் வரும் மூளையுறை அழற்சியாக இருந்திருக்கும். அந்த நோயில் கணக்கே தலைகீழ். உகாண்டாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் 177 பேரிடம் நடந்த கோட் ஆய்வில், ஓரிரு வாரத்துக்குள் கூட்டு மருந்து தொடங்கியவர்களில் நூற்றுக்கு 45 பேரும், ஏறத்தாழ ஐந்து வாரம் கழித்துத் தொடங்கியவர்களில் நூற்றுக்கு 30 பேரும் ஆறு மாதத்துக்குள் இறந்தார்கள். மண்டையோட்டுக்குள் வீக்கம் வந்தால் விரிந்துகொடுக்க இடமில்லை என்பதுதான் காரணம். அதனால் இந்தப் பூஞ்சை நோய்க்கு நான்கு முதல் ஆறு வாரமும், மூளையுறைக் காசநோய்க்கு நான்கு முதல் எட்டு வாரமும் பொறுத்திருக்கச் சொல்கிறார்கள். சிடி4 100க்குக் கீழே உள்ளவர்களுக்கு, தலைவலி இல்லாவிட்டாலும், இந்தப் பூஞ்சையின் தடயம் இரத்தத்தில் உண்டா என்று பார்த்துவிட வேண்டும்; விரல்நுனி இரத்தத்திலேயே பத்து நிமிடத்தில் தெரியும்.

சேர்வராயன் அவர்களே, தலைவலி, கழுத்து விறைப்பு, பார்வை மங்கல், ஒளியைப் பார்க்க முடியாத கூச்சம், இவற்றில் எதுவும் உங்களுக்கு உண்டா? இருந்தால் இங்கே எழுதுவதற்கு முன் மையத்தில் சொல்லுங்கள்.

சேர்வராயன் | ஜூன் 13, இரவு 9.20

தலைவலி இல்லை. அனைவருக்கும் நன்றி, நேற்று இரவு நான்கு மணி நேரம் தூங்கினேன்.

இரண்டு செய்திகள். காலையில் சிறுநீர் காவி நிறத்தில் போனதைப் பார்த்து இரத்தம் என்று பயந்து, பணிக்குப் போகாமல் உட்கார்ந்துவிட்டேன். இரண்டாவது, என் மனைவிக்கு இன்று பரிசோதனை செய்ததில் தொற்று இல்லை என்று வந்தது. எங்களுக்கு ஒரு மகள், நான்காம் வகுப்பு. மனைவி என்னிடம் இன்னும் அதிகம் பேசவில்லை. ஆனால் மாத்திரையை எடுத்துக் கையில் கொடுப்பது அவள்தான்.

கல்வம் | ஜூன் 14, காலை 10.30

நான் மருந்தாளுநர். அந்த நிறம் காசநோய் மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசினுடையது, இரத்தமல்ல. வியர்வையும் கண்ணீரும்கூடச் சற்று நிறம் மாறும். வெள்ளைச் சட்டையின் கழுத்துப்பட்டை மஞ்சளாகும். முதல் நாளே சொல்லி அனுப்ப வேண்டிய செய்தி இது.

ரிஃபாம்பிசினைப் பற்றி நீங்கள் அறிய வேண்டியது இன்னொன்று உண்டு. 24ஆம் தேதி உங்களுக்குப் பெரும்பாலும் டி.எல்.டி. என்ற ஒற்றை மாத்திரை கிடைக்கும்: டெனோஃபோவிர் 300 மில்லிகிராம், லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50. ரிஃபாம்பிசின் கல்லீரலைத் தூண்டி, டோலுடெக்ராவிரை வழக்கத்தைவிட விரைவாகக் கரைத்து வெளியேற்றிவிடும். அதை ஈடுகட்ட, பன்னிரண்டு மணி நேரம் கழித்து டோலுடெக்ராவிர் 50 மட்டும் உள்ள இன்னொரு மாத்திரை தருவார்கள். காலை எட்டுக்கு ஒன்று என்றால் இரவு எட்டுக்கு மற்றொன்று. காசநோய்ச் சிகிச்சை முடிந்த பிறகும் இரண்டு வாரம் இந்த இரண்டாவது மாத்திரை தொடர வேண்டும். அதுவரை ரிஃபாம்பிசினின் தாக்கம் கல்லீரலில் நிற்கும். அந்தத் தனிச் சீசாவைக் கொடுக்க மறந்தால் கேட்டு வாங்குங்கள்.

இனி கடைக்காரனாகச் சொல்வது. காசநோய் மாத்திரை வயிற்றைப் புரட்டும். உடனே பக்கத்துக் கடையில் நெஞ்செரிச்சலுக்கான இளஞ்சிவப்பு நிறத் திரவத்தை வாங்கிக் குடிப்பார்கள். அதிலுள்ள அலுமினியமும் மக்னீசியமும் டோலுடெக்ராவிரைப் பிடித்து வைத்துக்கொண்டு இரத்தத்தில் சேரவிடாது. அதைக் குடித்தே ஆக வேண்டுமென்றால், அதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவோ ஆறு மணி நேரம் பிறகோ டோலுடெக்ராவிரைப் போட வேண்டும். சத்து மாத்திரை என்று தருகிற இரும்பும் கால்சியமும் வெறும் வயிற்றில் இதே வேலையைச் செய்யும். சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால் தொல்லையில்லை. உங்கள் தாயாருக்கு மெட்ஃபார்மின் வாங்குவீர்கள். உங்களுக்கும் சர்க்கரை என்று தெரியவந்தால், டோலுடெக்ராவிரோடு மெட்ஃபார்மின் நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பதை நினைவில் வையுங்கள்.

இவ்வளவு நிபந்தனையா என்று மலைக்க வேண்டாம். 2001இல் இந்தியாவின் சிப்லா நிறுவனம் எச்.ஐ.வி.க்கான மூன்று மருந்துகளையும் சேர்த்து ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தபோது, அந்த விலையே உலகச் செய்தியானது. இன்று அதைவிட நல்ல மருந்து, ஒற்றை மாத்திரையாக, விலையில்லாமல் கிடைக்கிறது.

நெல்லிக்கனி | ஜூன் 14, மாலை 5.45

எட்டு இரசாயன மருந்துகளை ஏற்கெனவே 51 கிலோவாக இளைத்த உடலில் ஏற்றுவதுதான் வழியா என்று கேட்க விரும்புகிறேன். முதலில் உடலைத் தேற்றிவிட்டுப் பிறகு தொடங்கலாமே. 1990களில் தாம்பரத்திலேயே சித்த மருந்துகளான இரசகந்தி மெழுகு, அமுக்கராச் சூரணம், நெல்லிக்காய் இலேகியம் கொடுத்தார்கள் என்பது பலருக்கு மறந்துபோயிருக்கலாம்.

பனங்காடு | ஜூன் 14, இரவு 9.40

எனக்கு மறக்கவில்லை, மூன்றையும் நான் சாப்பிட்டிருக்கிறேன். கூட்டு மருந்து கைக்கு எட்டாத அந்த ஆறு மாதத்தில் எங்களுக்கு அதுதான் இருந்தது, கொடுத்தவர்களுக்கு இன்றும் நன்றியோடிருக்கிறேன். பசி எடுத்தது. முதல் மூன்று மாதம் எடையும் ஏறியது. ஆனால் சிடி4 நிற்கவில்லை. என்னோடு அதே வரிசையில் நின்று வாங்கியவர்களில் கூட்டு மருந்து கைக்கு வரும்வரை இருந்தவர்கள் குறைவு.

பிறகு நான் போட்ட முதல் கூட்டு மருந்தும் தேவாமிர்தமல்ல. ஸ்டாவுடின் என் கன்னத்தைக் குழியாக்கியது. ஊரார் என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டதே அந்தக் குழியால்தான். பிறகு வந்த எஃபாவிரன்ஸ் இரவெல்லாம் கெட்ட கனவாகக் காட்டியது. இப்போதைய மாத்திரையைப் போட்டதும் தெரியவில்லை, விழுங்கியதும் தெரியவில்லை. தம்பி தொடங்கும் இடம் நாங்கள் தொடங்கிய இடமல்ல.

வைகைக்கரை | ஜூன் 15, காலை 6.40

நெல்லிக்கனி அவர்களின் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் உடலைத் தேற்றிவிட்டுத் தொடங்குவது என்பது வரிசை மாறிய யோசனை. உடல் இளைத்தது காசநோயாலும் எச்.ஐ.வி.யாலும், அவற்றைத் தாக்காமல் உடல் தேறாது. நெல்லிக்காயில் எனக்கு மறுப்பில்லை. இரசகந்தி மெழுகில் இரசம், அதாவது பாதரசம், இருக்கிறது. டெனோஃபோவிர் சிறுநீரகத்தின் வழியே வெளியேறும் மருந்து. இரண்டையும் சேர்த்துச் சிறுநீரகத்தின் மேல் சுமத்துவதற்கு நான் ஒருபோதும் உடன்பட மாட்டேன். எவரேனும் சித்த மருந்து எடுத்துவந்தால் அதை மையத்தில் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

தாமிரபரணி | ஜூன் 15, பிற்பகல் 1.15

சேர்வராயன் அவர்களே, மனைவியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவருக்கு மூன்று மாதம் கழித்து மறுபடியும் பரிசோதனை வேண்டும். இடையில் ஆணுறை கட்டாயம். உங்கள் இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கி, அங்கேயே நின்றால், உங்களிடமிருந்து அவருக்கு உடலுறவின் மூலம் தொற்று போகாது. சென்னையும் புனேயும் பங்கேற்ற பன்னாட்டு ஆய்வொன்றில், 1,763 தம்பதியரில் ஒருவருக்கு முன்கூட்டியே மருந்து தொடங்கியபோது துணைவருக்குத் தொற்றுவது நூற்றுக்கு 96 பங்கு குறைந்ததாக 2011இல் கண்டார்கள். இந்தச் செய்தியை அவர் உங்கள் வாயால் கேட்பதைவிட ஆலோசகரின் வாயால் கேட்பது நல்லது. 24ஆம் தேதி அவரையும் அழைத்துப் போங்கள்.

உங்கள் நிலையை அலுவலகத்திலோ உறவினரிடமோ உங்கள் ஒப்புதலின்றி எவரும் வெளியிடக்கூடாது என்று எச்.ஐ.வி. குறித்த 2017ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அது 2018 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் உள்ளது. காசநோய்க்கான ஊட்டச்சத்து உதவித்தொகை மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். பதிவாகிவிட்டதா என்றும் பாருங்கள்.

சேர்வராயன் | ஜூன் 24, இரவு 10.05

இன்று தொடங்கிவிட்டேன். மனைவியும் வந்தாள். ஆலோசகர் அவளிடம் தனியாக அரை மணி நேரம் பேசினார். வெளியே வந்ததும் என்னிடம், இட்லி சாப்பிட்டுப் போகலாமா என்று கேட்டாள். பதினைந்து நாளில் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

சீசா இரண்டு கொடுத்தார்கள். பையில் வைத்து நடக்கும்போது மாத்திரைகளெல்லாம் உள்ளே குலுங்கி ஓசை எழுப்புகின்றன. பேருந்தில் எல்லோரும் என்னையே பார்ப்பதாகத் தோன்றியது. இறங்கியதும் ஒட்டியிருந்த தாளைக் கிழித்தெறிந்துவிட்டேன். மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொள்ளலாமா? என்னுடைய நான்கரை மணி காலை எட்டு: தறிக்கூடத்தின் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடும் நேரம்.

கல்வம் | ஜூன் 24, இரவு 10.50

காகிதத்தில் வேண்டாம். ஈரம் பட்டால் மாத்திரை கெடும்; சீசாவுக்குள் இருக்கும் சிறு உலர்த்திப் பொட்டலத்தையும் எறிந்துவிடாதீர்கள். மேலே கொஞ்சம் சுத்தமான பஞ்சை அடைத்து மூடுங்கள், ஓசை வராது.

சேர்வராயன் | ஜூலை 9, இரவு 8.30

பயமாக இருக்கிறது. மூன்று நாளாகக் காய்ச்சல் திரும்பிவிட்டது, 101 பாகை. வலப்பக்கக் கழுத்தில் எலுமிச்சை அளவுக்கு நெறி கட்டியிருக்கிறது. ஒரு வேளையும் தவறவிடவில்லை. கூட்டு மருந்து ஒத்துக்கொள்ளவில்லையோ என்று இன்று இரவு மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

வைகைக்கரை | ஜூலை 9, இரவு 8.50

போடுங்கள். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். நான் முன்பு எழுதிய ஐரிஸ் பெரும்பாலும் முதல் சில வாரங்களுக்குள் இப்படித்தான் வரும். ஆனால் அது ஐரிஸ்தான் என்று நானோ நீங்களோ இங்கிருந்து முடிவு கட்டக்கூடாது. ரிஃபாம்பிசினுக்கு அடங்காத காசநோயாகவும், வேறொரு புதிய தொற்றாகவும் இருக்கலாம். அவற்றை விலக்கிய பிறகே அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும். காலையில் முதல் ஆளாக மையத்துக்குப் போங்கள். மூச்சு வாங்கினாலோ தலை வலித்தாலோ காலைவரை காத்திருக்காமல் இப்போதே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

பனங்காடு | ஜூலை 9, இரவு 9.10

தம்பி, போட்டுவிட்டீர்களா என்று மட்டும் எழுதுங்கள். விழித்திருக்கிறேன்.

சேர்வராயன் | ஜூலை 9, இரவு 9.25

போட்டுவிட்டேன் அண்ணா.

சேர்வராயன் | ஜூலை 22, இரவு 9.00

நிலவரம் சொல்லத் தாமதமானதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். மறுநாளே ஊசி வைத்து நெறியிலிருந்து நீர் எடுத்தார்கள். ஆரம்பச் சளி முடிவிலேயே ரிஃபாம்பிசின் எதிர்ப்பு இல்லை என்று இருந்தது, இப்போதும் இல்லை. மற்றவற்றையும் பார்த்துவிட்டு ஐரிஸ் என்றே சொன்னார்கள். இரு சிகிச்சையும் அப்படியே தொடர்கின்றன. அழற்சியைத் தணிக்க நான்கு வாரத்துக்குப் பிரெட்னிசோலோன் சேர்த்தார்கள், முதல் இரண்டு வாரம் 40 மில்லிகிராம், பிறகு 20. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. நெறி இப்போது கோலிக்குண்டு அளவு. எடை 53. வைரஸ் அளவுப் பரிசோதனைக்கு டிசம்பரில் தேதி போட்டிருக்கிறார்கள்.

ஆடி மாதமாயிற்றே, எங்கள் தெருவில் வெள்ளியன்று மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள். எனக்காக மனைவி வேண்டிக்கொண்டிருக்கிறாள். காலையில் முதல் கூழை நான் குடிக்க வேண்டுமாம். கேழ்வரகில் கால்சியம் மிகுதி என்று படித்தேன். எட்டு மணி மாத்திரைக்கு அது இடைஞ்சல் செய்யுமா?

கல்வம் | ஜூலை 22, இரவு 9.35

செய்யாது. நான் சொன்னது வெறும் வயிற்றில் விழுங்கும் கால்சியம் மாத்திரையைப் பற்றி. உணவில் இருப்பதைப் பற்றியல்ல. கூழைக் குடித்துவிட்டே மாத்திரையைப் போடுங்கள். தொட்டுக்கொள்ள மோர் மிளகாய் இருந்தால் வயிற்றெரிச்சல் வரும். வந்தால் அந்த இளஞ்சிவப்புத் திரவத்தின் பக்கம் மட்டும் போகாதீர்கள்.